ஊனும் அருளும்: கொல்லாமல் பெறும் புலால் குறித்துத் தமிழ் மரபு

நம் மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அத்திரம்பாக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அண்மையில், கொற்றலையாற்றுப் படுகையில் உள்ளது இச்சிற்றூர். 1863ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இங்கே பழைய கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தனர். 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011இல் வெளிவந்தபோது, இங்குள்ள கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று தெரிந்தது. கருவிகளோடு விலங்குகளின் பற்கள் கல்லாகிக் கிடைத்துள்ளன. இவ்வகைக் கருவிகள் மரம் செதுக்கவும், கிழங்கு அகழவும், தோல் உரித்து ஊன் அறுக்கவும் பயன்பட்டவை என்பர் தொல்லியலார். கைப்பிடி இல்லாத அந்தக் கற்களைப் பூண்டி அகழ்வைப்பகத்தில் பார்த்தவர்கள் அவற்றின் விளிம்புக் கூர்மையை மறந்திருக்க மாட்டார்கள்.

ஊன் உண்ணுதல் இம்மண்ணில் அவ்வளவு பழையது. அதனை மறுக்கும் அறமும் பழையதே. ஆயினும் அது மிகப் பிந்தி வந்தது. இப்போது மூன்றாவதாக ஒன்று வந்து நிற்கிறது. விலங்கைக் கொல்லாமல், அதன் உடலிலிருந்து ஊசி முனையளவு தசையை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை எஃகுத் தொட்டியில் ஊட்டக் கரைசல் வார்த்துப் பெருக்கி ஆக்கும் இறைச்சி அது. அறிவியலார் ஆக்கிய இப்பொருளைக் குறித்து ஒரு தமிழாசிரியை எழுதுவானேன் என்று வட்டத்து அன்பர்கள் கேட்கலாம். இது எழுப்பும் கேள்வி நமக்குப் புதியதன்று. கொலை இல்லையெனில் ஊன் உண்ணலாமா என்று நம் நூல்கள் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக வழக்காடி வந்துள்ளன. அந்த வழக்கின் வரலாறே இக்கட்டுரை.

முதலில் ஊனின் சுவையைச் சொல்லிவிட வேண்டும். அதனை மறைத்துக்கொண்டு அறம் பேசுவது எளிது. சங்கச் சான்றோர் அவ்வாறு மறைக்கவில்லை. கரிகாலனின் விருந்தில் அறுகம்புல் மேய்ந்த செம்மறியின் ஊனை இரவும் பகலும் தின்றதனால், கொல்லை நிலத்தை உழுத கொழுவைப் போலத் தன் பல் முனை மழுங்கிவிட்டதாகப் பொருநராற்றுப்படையின் பொருநன் பெருமிதத்தோடு சொல்கிறான். கபிலர், சேர மன்னன் செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் தம் கை ஏன் மென்மையாயிற்று என்று கூறுமிடத்தில், ஊன்சோறு உண்பதன்றி வேறு தொழில் அறியாத கைகள் என்கிறார். கபிலர் தம்மை அந்தணர் என்று சொல்லிக்கொண்டவர் என்பதும் நினைவுகொள்ளத் தக்கது.

நம் தொண்டை மண்டலத்தையே பாடும் பெரும்பாணாற்றுப்படையில் இச்செய்தி இன்னும் விரிவாக உள்ளது. காஞ்சியை நோக்கிச் செல்லும் பாணனுக்கு எயினர் குடியில் நாய் பிடித்துத் தந்த உடும்பின் பொரியல் கிடைக்கிறது. உழவர் மனையில் பெட்டைக்கோழியின் வாட்டு. பட்டினத்தில் கொழுத்த ஆண்பன்றியின் தசை. அந்தணர் மனையில் மட்டும் மாதுளங்காயும் மாவடு ஊறுகாயுமாகப் புலால் இல்லாத உணவு. இலக்கியம் இந்நான்கையும் ஒரே வழியின் நான்கு தங்குமிடங்களாக வைக்கிறது. எதனையும் இழிக்கவில்லை. பிற்காலத்தில், நம் மண்டலத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், காளத்தி வேடர் திண்ணனார் வாயில் இட்டுச் சுவை பார்த்த பன்றித் தசையை இறைவன் விரும்பி ஏற்றதாகப் பாடினார். ஊன் அங்கே அன்பின் வடிவாகிறது. ஆகம நெறி நின்ற சிவகோசரியார் பதறினார். இறைவன் அவர் கனவில் வந்து திண்ணனார் பக்கம் பேசினான்.

மறுப்பின் குரல் சமண பௌத்தச் சான்றோரிடமிருந்து வலுப்பெற்றது. நமக்கு அண்மையில் புழலில் ஆதிநாதர் கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது. திகம்பரத் துறவியர் கையில் வைத்திருக்கும் பீலிக் கற்றை, மயில் தானே உதிர்த்த இறகுகளால் ஆனது. உயிருக்கு ஊறு செய்யாமல் அதன் உடற்பொருளைப் பெறுவது எப்படி என்பதற்கு அது பழைய விடைகளுள் ஒன்று. பௌத்தர் வேறு விடை கண்டனர். தனக்காகக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால், பிச்சையில் விழுந்த ஊன் துறவிக்குத் தூயதே என்பது அவர்தம் விதி. கொன்றவன் ஒருவன், உண்பவன் மற்றொருவன் என்னும் பிரிவில் அவ்விதி நிற்கிறது.

இப்பிரிவைத் தகர்த்தவர் வள்ளுவர். புலால் மறுத்தல் அதிகாரத்தின் ஆறாம் குறளில் அவர் கையாளும் வாதம் வாணிகத்தைப் பற்றியது. தின்பதற்காக உலகம் கொல்லாதாயின், விலைக்கு ஊனைத் தருபவரும் இரார் என்கிறார். வாங்குபவன் கத்தியைத் தொடாவிட்டாலும் கொலை அவனிடமே தொடங்குகிறது. இந்நாளில் நுகர்வோர் பொறுப்பு என்று பேசப்படுவதன் முழுக்கருத்தும் இரண்டு அடிக்குள் அடங்கிவிட்டது. உரையாசிரியர்கள் இக்குறளைப் பௌத்தருக்குக் கூறிய மறுப்பாகக் கொள்வதில் வியப்பில்லை.

இவ்வதிகாரத்தைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். பழவேற்காட்டுப் பக்கத்து மாணவி ஒருத்தி ஒருமுறை எழுந்து, "அம்மா, மீன் விற்ற காசில்தான் நான் கட்டணம் கட்டுகிறேன். இந்தப் பத்துக் குறளையும் நான் எந்த முகத்தோடு தேர்வில் எழுதுவது?" என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. புலால் மறுத்தல் இல்லறவியலில் வைக்கப்படவில்லை, துறவறவியலில் வைக்கப்பட்டது என்று அவளுக்கு விடை சொன்னேன். இல்வாழ்வானுக்குரிய இருபது அதிகாரங்களில் ஊனுணவைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. இவ்விடை இலக்கணப்படி சரியானது. எனினும் 'உலகு' என்று வள்ளுவர் பொதுப்படச் சொல்லியிருப்பதை அவள் கவனித்துவிட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவளுக்கு நான் மணிமேகலையைக் காட்டியிருக்கலாம். ஆதிரை பிச்சையிட்ட காதையில் சாதுவன் கதை வருகிறது. கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் தீவில் கரையேறுகிறான் சாதுவன். அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது, அதனால் பிழைத்தான். நாகர் தலைவன் அவனுக்குக் கள்ளும் ஊனும் தரச் சொல்கிறான். சாதுவன் மறுத்து, வினைப்பயனையும் மறுபிறப்பையும் எடுத்துரைக்கிறான். தலைவன் அஞ்சி, எங்களுக்கு இயன்ற அறம் எது என்று கேட்கிறான். இவ்விடத்தில் சாத்தனார் காட்டும் அறிவு என்னை எப்போதும் வியக்க வைப்பது. ஊனையே உண்டு வாழும் தீவினரிடம் சோறும் காயும் உண்ணுங்கள் என்று சாதுவன் சொல்லவில்லை. கலம் உடைந்து வருபவர்களைக் காப்பாற்றுங்கள். மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளை விடுத்து வேறெவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதீர்கள் என்கிறான். அதாவது, கொலை இல்லாத ஊன் உண்ணலாம். தமிழில் நான் அறிந்தவரை, கொல்லாமல் பெறும் புலாலுக்கு இவ்வளவு தெளிவாக இசைவு தரும் இடம் வேறில்லை.

நீலகேசி ஆசிரியருக்கு இத்தகைய சமரசம் பிடிக்காது. பௌத்தரின் ஊனுணவை அந்நூல் விடாமல் தாக்குகிறது. சமய வாதங்களில் நான் நடுவராக இருக்க விரும்பவில்லை. ஆனால் உணவு கேட்டு நிற்பவனிடம் அவன் நிலத்தையும் பழக்கத்தையும் எண்ணிப் பேசிய சாதுவன் பக்கமே என் மனம் சாய்கிறது.

ஏனெனில் புலால் மறுப்பு தமிழகத்தில் வெறும் அருளாக மட்டும் இருந்துவிடவில்லை. 'புலை' என்ற சொல் ஊனைக் குறித்தது. பிறகு இழிவைக் குறித்தது. பிறகு மனிதர் சிலரின் மேல் ஒட்டிக்கொண்டது. விலங்கின்மேல் காட்டிய இரக்கம் மனிதன்மேல் காட்டிய அருவருப்புக்குப் போர்வையாயிற்று. மாட்டிறைச்சி உண்டதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளிவந்த நூலில் வரலாற்று நோக்கில் ஆராய்ந்தார். அவருடைய முடிவுகளோடு மாறுபடுவோர் உண்டு; அவர் எழுப்பிய கேள்வியை விலக்க எவராலும் இயலவில்லை. நம் மாநிலத்தில் 1950ஆம் ஆண்டின் விலங்குகள், பறவைகள் பலித் தடைச் சட்டம் அரை நூற்றாண்டு ஏட்டளவில் கிடந்தது. 2003ஆம் ஆண்டு ஆகத்தில் அதனைச் செயற்படுத்த ஆணை பிறந்ததும் ஊர்த்தெய்வ வழிபாட்டினர் கொதித்தெழுந்தனர். 2004இல் சட்டமே நீக்கப்பட்டது. கிடா வெட்டு என்பது ஊன் உண்பது மட்டுமன்று. யாருக்கு எந்தப் பங்கு என்னும் உறவு முறையும் அதில் இருக்கிறது. தொட்டியில் வளரும் தசைக்குத் தலையும் இல்லை, குடலும் இல்லை, பங்காளியும் இல்லை.

வடலூர் வள்ளலார் இவ்வழக்கில் கடுமையும் கனிவும் ஒருங்கே கொண்டவர். இளமையில் சென்னையில் வாழ்ந்தபோதே நம் திருத்தணிகை முருகனைப் பாடியவர் அவர். 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. 'உயிர்க்கொலை', 'புலைப்புசிப்பு' என்னும் இரண்டையும் எண்ணும்மை கொடுத்து அடுக்கி, அவற்றை உடையோரைப் புற இனத்தார் என்று அவர் விலக்கினார். ஆயினும் அவர்கள் பசித்து வந்தால் பசியை மட்டும் தவிர்த்து அனுப்புக என்றும் அதே பாடலில் சொன்னார். உறவு மறுத்த இடத்திலும் அவர் சோற்றை மறுக்கவில்லை.

இனித் தொட்டியின் வரலாறு. 1912ஆம் ஆண்டு நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில் அலெக்சிசு காரெல் கோழிக் கருவின் இதயத் திசுவை உடலுக்கு வெளியே வளர்க்கத் தொடங்கினார். அவர் 1944இல் இறந்த பின்னும் 1946 வரை அவ்வளர்ப்பு தொடர்ந்ததாகப் பதிவு. உயிரணுக்கள் அவ்வாறு வரம்பின்றிப் பெருக மாட்டா என்று பின்னர் 1961இல் ஹேஃபிலிக் காட்டியதால் அச்சோதனைமேல் ஐயம் விழுந்தது வேறு கதை. 1931இல் வின்ஸ்டன் சர்ச்சில், நெஞ்சுக்கறியோ சிறகோ வேண்டுவதற்காக முழுக்கோழியை வளர்க்கும் அறியாமை ஐம்பது ஆண்டுகளில் ஒழியும் என்று எழுதினார். அவர் கணக்கு முப்பது ஆண்டு தவறிற்று. 2013 ஆகத்து 5ஆம் நாள் நெதர்லாந்து நாட்டுப் பேராசிரியர் மார்க் போஸ்ட் ஆக்கிய மாட்டிறைச்சி வடை ஒன்று இலண்டனில் பலர் முன்னிலையில் பொரித்து உண்ணப்பட்டது. அதற்கு ஆன செலவு இரண்டரை இலட்சம் யூரோ. 2020 திசம்பரில் உலகிலேயே முதன்முதலாக அரசின் ஒப்புதலோடு இது விற்பனைக்கு வந்த நாடு சிங்கப்பூர். தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட நாடு.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திற்கும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையத்திற்கும் நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நான்கரைக் கோடி ரூபாய் ஒதுக்கிற்று. 'அகிம்சை இறைச்சி' என்று அதற்குப் பெயர் வைத்தனர். 2024இல் கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், வஞ்சிரம், வவ்வால் போன்ற விலையுயர்ந்த மீன்களின் தசையை இம்முறையில் வளர்க்கத் தனியார் நிறுவனம் ஒன்றோடு உடன்பாடு செய்தது. அந்நிறுவனம் 1949 முதல் 1971 வரை நம் மண்டபத்தில் இயங்கியது என்பதை இளையோர் அறிந்திருக்க மாட்டார்கள்.

இப்பொருளை வள்ளுவர் முன் வைத்தால் என்ன ஆகும்? எட்டாம் வகுப்புப் பட்டிமன்றத் தலைப்புப் போலத் தோன்றினும், சொல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய கேள்வி இது. நான்காம் குறளில் பொருளல்லது எது என்று கூறுமிடத்தில் வெறும் 'ஊன்' என்னாமல் 'அவ்வூன்' என்கிறார். அகரச் சுட்டு, முன்னர்ச் சொன்ன கொலையைச் சுட்டி நிற்கிறது. கொன்றதனால் வந்த ஊன் என்பதே பொருள். உரைகளும் அவ்வழியே செல்கின்றன. கொலை இல்லையாயின் அச்சுட்டுக்குச் சுட்டப்படுபொருள் இல்லை. விலைக்குறளோ தலைகீழாகத் திரும்பி, தொட்டி ஊனுக்கே துணை நிற்கிறது. வாங்குவோர் மாறினால் கொல்வோர் மாறுவர் என்றே இத்தொழிலில் முதலிடுவோரும் சொல்கின்றனர்.

ஆனால் ஏழாம் குறளில் புலால் என்பது பிறிதோர் உயிரின் புண் என்கிறார். அங்கேதான் தொட்டி இடறுகிறது. உயிருள்ள விலங்கின் தசையில் ஊசி ஏற்றுவதால் வரும் புண் சிறிது, ஆறிவிடும். உயிரணுக்களை ஊட்டுவதற்கு நெடுங்காலம் பயன்பட்டு வந்தது என்ன என்பதை அறிந்தால் திகைப்பீர்கள். சினையாக இருக்கும்போது வெட்டப்பட்ட பசுவின் வயிற்றுக் கன்றினது குருதிநீர் அது. கொல்லாத ஊனுக்குப் பிறவாத கன்றின் குருதி! இந்த முரணை உற்பத்தியாளர்களும் உணர்ந்தே இருந்தனர். குருதிநீர் சேராத கரைசலைப் பயன்படுத்தச் சிங்கப்பூர் அரசு 2023இல் ஒரு நிறுவனத்திற்கு ஒப்புதல் அளித்தது. அவ்வழி எங்கும் முழுமையாகப் பரவினால், ஏழாம் குறளின் தடையும் பெரும்பாலும் நீங்கும் என்றே நான் கருதுகிறேன்.

பிறகும் எஞ்சுவது முதற்குறள். தன் ஊனைப் பெருக்கப் பிறிதின் ஊனை உண்பவன் எவ்வாறு அருளை ஆள்வான் என்னும் கேள்வி, கொலையைக் காட்டிலும் உண்பவனின் மனத்தையே நோக்குகிறது. வள்ளலார் 'உயிர்க்கொலை'க்குப் பின் 'புலைப்புசிப்பு' என்று தனியே ஒன்றை எண்ணியதும் இதுபற்றியே. துறவிக்கு இத்தடை உண்டு. தொட்டியும் அதனை நீக்காது. நம் போன்ற இல்வாழ்வாருக்குச் சாதுவன் சொன்னது போதும். கிழ விலங்கு இறக்கும்வரை காத்திருக்கச் சொன்ன அவனுடைய அறத்தை எந்த ஊரும் கடைப்பிடித்ததாகத் தெரியவில்லை. இன்றைய கருவி அதனை இயலச் செய்கிறது. ஆகவே இதனை இயற்கைக்கு மாறானது என்று ஒதுக்கும் கூட்டத்தில் நான் இல்லை. பால் உறைவதும் மாவு புளிப்பதும் நாம் காணாத உயிரணுக்களின் வேலைதான்.

என் அச்சம் வேறிடத்தில் உள்ளது. கால்நடை வளர்ப்பால் வரும் வளிகள் உலகைச் சூடாக்குவதில் 14.5 விழுக்காடு பங்கு கொண்டவை என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் கணித்தது. அக்கணக்கில் ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்துத் தீனியிடும் பண்ணையும் உண்டு. ஏரிக்கரையில் நான்கு வெள்ளாடு மேய்க்கும் கிழவியும் உண்டு. தொட்டி வரும்போது முதலில் யாருடைய சந்தை போகும்? கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்க் கண்டிகையில் ஊரார் ஆடு மாடு மேய்த்து வந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் தொழிற்பூங்காவாக மாறியதையும், அம்மக்கள் எதிர்த்துப் போராடியதையும் நாம் அறிவோம். ஆட்டுக்கு நிலம் போயிற்று. அடுத்து ஆட்டுக்கறியும் தொழிற்பூங்காவுக்குள் போகுமாயின், மேய்ப்பவள் கையில் எஞ்சுவது கோல் மட்டுமே. பழவேற்காட்டு ஏரியில் வலை வீசுவோருக்கு வஞ்சிரத் தொட்டியில் என்ன பங்கு என்று எவரும் இன்னும் கேட்கவில்லை. 2023இல் இத்தாலியும், 2024இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா, அலபாமா மாநிலங்களும் இவ்வூனைத் தடை செய்தன. தடை கேட்டவர்கள் புலால் மறுத்தவர்கள் அல்லர், கால்நடை வளர்ப்பவர்கள். மற்றொன்றும் சொல்ல வேண்டும். விலை குறையும்வரை தொட்டி ஊன் செல்வர் தட்டில்தான் விழும். தொட்டியில் தின்பவர் தூயவர், வெட்டித் தின்பவர் புலையர் என்று பழைய தராசையே புதிதாகத் தூக்கிக்கொண்டு வருவதற்கு ஆள் இருக்கிறது.

சுவையைப் பற்றிச் சமையலறையில் கேட்டால் வேறு விடை கிடைக்கும். தொட்டியில் பெரும்பாலும் கொத்துக்கறி போன்றதே விளைகிறது. நல்லி எலும்பும் ஈரலும் கொழுப்பும் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நம் தொழிற்பேட்டைத் தோழர்கள் ஏற்பார்களா என்பது ஐயமே.

நம் வட்டத்துக் கவிஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இதற்கு ஒரு பெயர் வேண்டும். 'செயற்கை இறைச்சி' என்று இதழ்கள் எழுதுகின்றன. அது பொருந்தாது, தசை உண்மையான தசைதான். 'இறைச்சி' என்றாலே தொல்காப்பியப் பொருளதிகாரம் படித்தவருக்குக் கருப்பொருள் வழிப் பிறக்கும் குறிப்புப்பொருள் நினைவுக்கு வந்து குழப்பும். 'ஊன்', 'புலால்' இரண்டிலும் பழைய வழக்கின் சுமை இருக்கிறது. என் மாணவர்கள் 'தொட்டிக்கறி' என்கிறார்கள். கறி என்பது சங்க காலத்தில் மிளகு. பின்னர் மிளகு இட்டுச் சமைத்தது. நம் பக்கத்தில் ஆட்டின் தசை. ஈழத்தில் மரக்கறி என்றால் காய். இத்தனை இடம்மாறிய சொல்லில் இன்னொன்றுக்கும் இடம் இருக்கும் என்று தோன்றுகிறது.